தகரப்பெட்டியில் மிஞ்சிய மூன்று தட்டுகள்: வன்னியின் கலாசாரப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பிரதேச செயலாளர்களுக்கும், கலாசார உத்தியோகத்தர்களுக்கும், கலாசாரப் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை எழுதும் மேசையில் மூன்று இசைத்தட்டுகளை வைத்திருக்கிறேன். இரண்டு முழுமையாக இருக்கின்றன. மூன்றாவது நான்கு துண்டுகளாகி, அம்மாவின் பழைய நூல்சேலையில் சுற்றியபடி கிடக்கிறது. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில், என் தாத்தா சேர்த்து வைத்திருந்த பத்தொன்பது தட்டுகளில் எஞ்சியவை இவைதான். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். தாத்தா பாட்டுப்பெட்டியை விட்டுவிட்டார். தட்டுகளை மட்டும் தகரப்பெட்டியில் அடுக்கி, இடையிடையே அப்பாயியின் சேலைகளைத் திணித்து, தோளில் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அரிசியை விட்டுவிட்டுப் பாட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று அம்மா அழுதது இன்றும் நினைவிருக்கிறது.

வவுனியாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சில மாதங்கள், காடு வெட்டித் திருத்திய குடியேற்றம் ஒன்றில் சில ஆண்டுகள், பிறகு கிளிநொச்சி. ஒவ்வோர் இடப்பெயர்விலும் பெட்டி கூடவே வந்தது. ஒவ்வொன்றிலும் ஓரிரு தட்டுகள் உடைந்தன. 2008ஆம் ஆண்டின் கடைசியில் போரால் ஊரே கிழக்கு நோக்கி நகர்ந்தபோது தாத்தா உயிருடன் இல்லை. அப்பாயிதான் வளவின் மூலையில், பலாமரத்தடியில் குழி வெட்டச் சொல்லிப் பெட்டியைப் புதைத்தார். 2010இல் திரும்பி வந்து தோண்டினோம். தகரம் இற்றுப்போயிருந்தது. தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கறையான் தின்றிருந்தது. யார் பாடியது, என்ன பாட்டு, எந்தக் கம்பெனி என்பதைச் சொல்ல ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வன்னியில் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களிடம் இன்னும் இருக்கக்கூடிய பழைய இசைத்தட்டுகளையும், அந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த முதியவர்களின் குரலையும் ஒரே வேலையாக, ஒரே காலத்தில் பதிவு செய்யுங்கள். ஒன்றை முதலிலும் மற்றதைப் பிறகும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஏன் பிரிக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் 28 ஆண்டுகள் சங்கீதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் வகுப்பறையில் சரளி வரிசையும் கீர்த்தனையும் இருந்தன. என் வீட்டில் தெம்மாங்கும் தப்பு மேளமும் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தும் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க நான் ஒருநாளும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் "அப்பாயி" என்று சொன்னதற்காகச் சிரிக்கப்பட்ட பிள்ளை நான். "அப்பம்மா" என்று மாற்றிச் சொல்லப் பழகிக்கொண்டேன். அப்பாயியின் பாட்டுகளையும் அதே பயத்தில்தான் மறைத்தேன். 2013இல் அவர் இறந்தபோது, அவர் பாடியவற்றில் நான்கு பாட்டுகளின் சொற்கள் மட்டும் என் கொப்பியில் இருந்தன. அவர் குரல் ஒரு விநாடிகூட எங்கும் பதிவாகவில்லை. கைத்தொலைபேசி என் கையில் இருந்த காலம் அது. இந்தக் குற்றவுணர்வோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன். இதே குற்றவுணர்வை வன்னியின் மற்றப் பிள்ளைகளும் சுமக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தத் தட்டுகள் எப்படி வந்தன என்பதை முதலில் சொல்கிறேன். 1902இல் கல்கத்தாவில் ஃபிரெட் கைஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காக இந்தியப் பாடகர்களைப் பதியத் தொடங்கினார். 1908இல் அந்தக் கம்பெனி கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைத்துத் தட்டுகளை அச்சிட்டது. நாய் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கம்பெனிச் சின்னம் பிறகு தமிழ் வீடுகளில் சாமிப் படங்களோடு பழகிப்போயிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது; இரு கரையிலும் ரயில் காத்திருந்தது. இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய்த் திரும்பிய, தொழிலாளரை மேற்பார்த்த பெரியங்காணிகளும் கணக்கப்பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் பாட்டுப்பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று தாத்தா சொல்வார். அவருடைய பெட்டி புதிதாக வாங்கியது அல்ல. தோட்டத்தை விட்டுப் போன ஒரு கணக்கப்பிள்ளையிடம் மூன்று தவணையாகப் பணம் கொடுத்து வாங்கியது.

தட்டுகளில் இருந்தவை நாடகப் பாட்டுகள். எஸ். ஜி. கிட்டப்பாவின் பெயரையும் கே. பி. சுந்தராம்பாளின் பெயரையும் தாத்தா சாமி பெயரைப்போல் சொல்வார். சுந்தராம்பாள் இளவயதில் இலங்கை மேடைகளில் ஆண்டுக்கணக்கில் நடித்தவர். அவரையும் கிட்டப்பாவையும் ஒன்றாகச் சேர்த்த மேடை கொழும்பில்தான் இருந்தது. கிட்டப்பா 1933இல், முப்பது வயதை எட்டுவதற்கு முன்பே இறந்துபோனார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அவருடைய குரல் இன்று நம் காதில் விழுகிறதென்றால், அதற்கு ஒரே காரணம் யாரோ சில வீடுகளில் அரக்குத் தட்டுகளை உடையாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான். பெரும் புகழ் பெற்ற கலைஞருக்கே நிலைமை இது. லயத்தில் பாடியவர்களின் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

சம்பள நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியை வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் வைப்பார்கள். தாத்தா கைப்பிடியைச் சுற்றி விசையேற்றுவார். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி போட வேண்டும் என்பது விதி. ஊசி வாங்கப் பணம் இல்லாதபோது பழைய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டிப் போடுவார். அந்த ஊசி தட்டின் பள்ளத்தை அரித்தது. ஆதலால் எந்தப் பாட்டை லயம் அதிகமாக விரும்பியதோ, அந்தப் பாட்டுத்தான் இன்று அதிகமாகத் தேய்ந்து இரைகிறது. இரைச்சலைப் பழுது என்று சொல்லித் தட்டை ஒதுக்காதீர்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அது சுற்றியது என்பதற்கான கணக்கு அந்த இரைச்சலில் இருக்கிறது.

1925க்கு முன்பு பதிவான தட்டுகளில் மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய குழாயின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மேளம் பக்கத்தில் இருந்தால் கோடு சிதறும் என்பதால் அதைத் தள்ளி வைப்பார்கள். அதனால் பல பழைய தட்டுகளில் குரல் முன்னால் நிற்கும்; தாளம் எங்கோ தூரத்தில் கேட்கும், அல்லது கேட்காது. தாத்தா அந்தக் குறையைத் தானே தீர்த்தார். தட்டு ஓடும்போது மடியில் தப்பை வைத்துக்கொண்டு, இயந்திரம் விட்டுவிட்ட தாளத்தை விரலால் நிரப்புவார். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். மேடையில் அரைமணி நேரம் ஓடிய பாட்டை மூன்று நிமிடமாக வெட்டித் தட்டில் அடைத்தார்கள். தோட்டத்துக் கூத்து வாத்தியார்கள் அந்த மூன்று நிமிடத்தை எடுத்து, காமன் கூத்தின் ஓர் இரவு முழுவதற்கும் மறுபடி விரித்தார்கள். தாத்தா அப்படிப்பட்ட ஒரு வாத்தியார்.

இங்கேதான் என் வேண்டுகோளின் மூலம் இருக்கிறது. அந்தப் பத்தொன்பது தட்டுகளில் ஒன்றில்கூடத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் குரல் இல்லை. எல்லாம் இந்திய மேடைக் கலைஞர்களின் குரல். லயத்து மக்கள் அந்த மெட்டை வாங்கிக்கொண்டு, சொல்லைத் தாங்களே போட்டார்கள். கங்காணியைப் பற்றி, கொழுந்து நிறுவையில் நடந்த மோசடியைப் பற்றி, மழையில் செத்த குழந்தையைப் பற்றி, ஊரில் விட்டுவந்த அம்மாவைப் பற்றிப் பாடினார்கள். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிற்சங்கக் கருத்துகளைத் தோட்டம் தோட்டமாகப் பாடியே கொண்டுபோனார். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அந்த மக்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டி ஏட்டில் ஏற்றினார். ஆனால் ஏட்டில் சொல் மட்டும்தான் நிற்கிறது. மெட்டு தட்டில் இருக்கிறது. சொல் அப்பாயிகளின் வாயில் இருக்கிறது. தட்டை மட்டும் காப்பாற்றினால் நமக்கு மிஞ்சுவது ஒரு மேடைப் பாட்டு. சொல்லை மட்டும் எழுதி வைத்தால் மிஞ்சுவது இசையில்லாத வரி. இரண்டும் சேரும் இடத்தில்தான் புலம்பெயர்ந்து வந்த ஒரு சமூகம் தன் இசையை எப்படி ஆக்கிக்கொண்டது என்பது தெரியும்.

என் வாழ்க்கையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2009இல், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அப்பாயி என் தம்பிக்காக ஒப்பாரி வைத்தார். பல இரவுகள் வைத்தார். பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த ஒப்பாரியில் ஓரிடத்தில் குரல் திடீரென்று மேலே ஏறி, "என் ராசா" என்று நின்று, பிறகு படிப்படியாக இறங்கும். நான் சங்கீத ஆசிரியை. அந்த இறக்கத்தை வேறெங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை. 2016இல் டொரொன்டோவிலிருந்து மச்சாளின் மகன் வந்தபோது, பழைய தட்டுகளுக்கான ஊசி பூட்டிய சிறிய கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். 39 ஆண்டுகள் ஊமையாக இருந்த தட்டை வைத்தோம். ஓர் ஆணின் குரல், பின்னால் ஹார்மோனியம். சரணத்தில் அந்தக் குரல் மேலே ஏறி நின்று, படிப்படியாக இறங்கியது. அப்பாயி தன் பேரனை அழுத இடம் அதுதான். ஏதோ ஒரு நாடகத்தில் ஏதோ ஓர் அரசன் பாடிய பாட்டு பதுளைக்கு வந்து, லயத்தில் தாலாட்டாகவோ காதல் பாட்டாகவோ திரிந்து, கடைசியில் செட்டிகுளத்தில் ஒப்பாரியாக முடிந்திருக்கிறது. அப்பாயி அப்போது இறந்து மூன்று ஆண்டுகள். அவரிடம் கேட்பதற்கு எனக்கு அவர் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதையெல்லாம் எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "இது மலைநாட்டுக் கலை, டீச்சர். நுவரெலியாப் பக்கம் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு வன்னிக் கலைகளுக்குத்தான் ஒதுக்கீடு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் என்னால் இந்த மடலை முடிக்க முடியாது.

மலையக மக்களுக்கும் வன்னிக்கும் உள்ள உறவு 1977இல் தொடங்கவில்லை. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இந்தக் காட்டு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழியிலேயே கொன்றன. மலையைப் பார்க்காமலே செத்தவர்கள் கிடப்பது இந்த மண்ணில்தான். 2023இல், வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்களே, அந்தப் பயணம் தொடங்கியதும் உங்கள் மாவட்டங்களில் ஒன்றில்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. கலவரங்கள் துரத்தியபோது காந்தியம் போன்ற அமைப்புகளின் உதவியோடு பலர் வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்கள் வெட்டிய காட்டில் இன்று விளையும் நெல்லை வன்னி நெல் என்கிறோம். அவர்கள் பாடும் பாட்டை மட்டும் மலைநாட்டுப் பாட்டு என்று திருப்பி அனுப்புவது எந்த நியாயம்? கிளிநொச்சியை எடுத்துக்கொண்டால், இரணைமடுக் குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள்தாம் நம்மில் பாதிப்பேர். வந்த வழி வேறு, அவ்வளவுதான். முள்ளியவளையின் கோவலன் கூத்தை எவ்வளவு மதிப்போடு ஆவணப்படுத்துகிறீர்களோ, அதே மதிப்பைப் பக்கத்து ஊரில் மாசியில் ஆடும் காமன் கூத்துக்கும் கொடுங்கள் என்கிறேன்.

வந்தேறிய மக்களின் இசையைப் பழைய இயந்திரங்கள் காப்பாற்றிக் கொடுத்த கதை வேறு நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் கொலம்பியா, விக்டர் போன்ற கம்பெனிகள் புதிதாகக் குடியேறியவர்களுக்குப் பெட்டி விற்க வேண்டும் என்பதற்காகவே அவர்களின் மொழியில் பாட்டுகளைப் பதிந்தன. உக்ரைனியர், கிரேக்கர், யூதர், போலந்துக்காரர், ஐரிஷ்காரர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி வரிசை இருந்தது. தட்டில் மட்டுமா? தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்களில்கூட அவர்களின் பாட்டுகள் வந்தன. அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியிலிருந்து போன மைக்கேல் கோல்மன் என்ற வயலின் கலைஞர் 1920களில் நியூயோர்க்கில் பதிந்த தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பின. அங்கிருந்த கிராமத்து வாத்தியக்காரர்கள் அவற்றைக் கேட்டுத் தங்கள் வாசிப்பையே மாற்றிக்கொண்டார்கள். வியாபாரிகள் தர்மத்துக்காகச் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் பதிந்ததால் இன்று அந்தப் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் குரல் இருக்கிறது. நம் லயங்களுக்கு எந்தக் கம்பெனியும் குழாயைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நம் மக்களின் சம்பளத்தில் அவர்களுக்கு வியாபாரம் இல்லை.

இந்தத் தீவிலும் மெழுகில் குரல் பதிந்த வரலாறு உண்டு. 1907, 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் வேடர்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். 1911இல் வெளியான அவர்களுடைய நூலில் அந்த இசை பற்றி மையர்ஸ் என்பவர் தனி அத்தியாயமே எழுதினார். பாடிய காடுகள் அழிந்துவிட்டன. உருளைகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பதிந்தவர்கள் அந்நியர்கள், பாதுகாப்பவர்களும் அந்நியர்கள். நம் முதியவர்களின் குரலையாவது நாமே பதிவோம்.

இனி வேலை பற்றிச் சொல்கிறேன். பெரும் பணம் தேவைப்படும் வேலை அல்ல இது. கிராம அலுவலர் வழியாகவும், மாதர் சங்கங்கள், மரண உதவிச் சங்கங்கள் வழியாகவும், பாடசாலைப் பிள்ளைகள் வழியாகவும் ஒரே ஒரு கேள்வியை வீடுவீடாக அனுப்புங்கள்: உங்கள் வீட்டில் பழைய கறுப்புத் தட்டு இருக்கிறதா? உடைந்திருந்தாலும் சொல்லுங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் பழைய இரும்பு வாங்குபவர்கள் எத்தனை வளவுகளுக்குள் வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்து வீட்டில் பித்தளைக் குழாயை எடை போட்டு வாங்கிக்கொண்டு, தட்டுகளை வேலியோரம் எறிந்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் அவற்றைப் பறக்கவிட்டு விளையாடினார்கள். கேள்வி போய்ச் சேர்ந்திருந்தால் அது நடந்திருக்காது.

தட்டை வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். படியெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். எத்தனையோ முறை எல்லாவற்றையும் பறிகொடுத்த மக்கள் இவர்கள். அரசாங்கப் பெயர்ப்பலகையோடு வருபவரிடம் இன்னொரு பெட்டியை ஒப்படைக்கத் தயங்குவார்கள். படி எல்லோருக்கும் பொதுவாகட்டும், தட்டு அந்த வீட்டுச் சாமித்தட்டிலேயே இருக்கட்டும்.

காகிதத்தைக் கறையான் தின்றிருந்தாலும் மனம் தளர வேண்டாம். காகிதம் ஒட்டியிருந்த வட்டத்தைச் சுற்றி வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். அதைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் பொறித்த எண் ஒன்று தெரியும். பதிவு நடந்தபோதே கம்பெனி இட்ட எண் அது. கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் போதும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர் பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு ஓடியன், யங் இந்தியா கம்பெனிகளின் தட்டுகளை எண்ணிமமாக்கி இருக்கிறார்கள். நம் எண்ணை அவர்களின் பட்டியலோடு ஒப்பிடலாம். என் இரண்டு தட்டுகளின் எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அழுக்கைத் துடைக்க யாரும் ஸ்பிரிட்டைத் தொடக் கூடாது. இந்தத் தட்டுகள் அரக்கால் செய்தவை. நம் தச்சர்கள் கதவுக்கும் கதிரைக்கும் பூசும் பொலிஷ், அதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதானே. தட்டில் ஸ்பிரிட் பட்டால் பாட்டும் கரைந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, பயிற்சி உள்ள ஒருவர் வரும்வரை விட்டுவிடுங்கள். படுக்க வைத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், புத்தகத்தைப்போல் நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் அங்கே தட்டு அப்பளம்போல் வளைந்துவிடும். பழைய கிராமபோன் பெட்டி அகப்பட்டால் ஆசையில் அதில் போட்டுக் கேட்காதீர்கள். அதன் இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சுரண்டும். இப்போதைய கருவியிலும் சாதாரண ஊசி உதவாது. பின்னாளில் வந்த எல்.பி. எனும் நெடுந்தட்டின் ஊசி முனை 25 மைக்ரோன் அளவு. இந்தத் தட்டுக்கு 75 மைக்ரோன் அளவில் வேண்டும்.

வேகம் பற்றி, சங்கீத ஆசிரியை என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஆரம்பகாலத் தட்டுகள் கொஞ்சம் கூடவோ குறையவோ பதியப்பட்டவை. வேகம் தவறினால் சுருதி தவறும். சுருதி தவறினால் பாடியவரின் குரலே வேறாகிவிடும். நாடகக் கலைஞர்கள் உச்சச் சுருதியில் பாடிப் பெயரெடுத்தவர்கள். படியெடுக்கும் இடத்தில் கருவி தெரிந்தவரோடு, ஹார்மோனியக் கட்டையில் சுருதி பார்க்கத் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும். படியில் இரைச்சலை நீக்குகிறேன் என்று முதலிலேயே கணினியை ஓட்டிவிடக் கூடாது. இரைச்சலோடு உள்ள மூலப்படி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சுத்தம் செய்த படியை வேறாக வைத்துக்கொள்ளலாம்.

உடைந்த துண்டுகளையும் எறியாதீர்கள். கலிபோர்னியாவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபடேயெவும், ஊசியே படாமல் பள்ளத்தை நுண்படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து ஒலியை மீட்கும் முறையை உருவாக்கினார்கள். உடைந்த தட்டுகளையும் அந்த முறை பேச வைத்திருக்கிறது. என் நான்கு துண்டுகள் சேலைக்குள் காத்திருப்பது அந்த நம்பிக்கையில்தான்.

தட்டைப் படியெடுத்த அதே நாளில், அந்தப் படியை ஊரில் உள்ள முதியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் பக்கத்தில் இன்னொரு ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிடுங்கள். இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. எங்கள் கிராமத்தில் 84 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒருகாலத்தில் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவர். பாட்டுக் கேட்டுப் போனபோதெல்லாம், "எல்லாம் மறந்துபோய்விட்டது டீச்சரம்மா" என்று கையை விரிப்பார். ஒருநாள் கைத்தொலைபேசியில் அந்தத் தட்டின் படியைப் போட்டேன். முதல் வரியில் தலையை ஆட்டினார். இரண்டாவது வரியில் வாய் திறந்தது. தட்டில் உள்ளவர் ஒன்றைப் பாட, இவர் வேறொன்றைப் பாடினார். மெட்டு ஒன்று, சொல் வேறு. துண்டுச் சீட்டைக் காட்டிக் கங்காணி தன்னை இன்னொரு தோட்டத்துக்கு விற்றுவிட்டதாக ஒரு பெண் புலம்பும் பாட்டு அது. தொழிலாளியின் கடனை எழுதிக் கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒழிந்துபோன ஒரு சீட்டின் துயரத்தை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். அதை எழுப்பியது அந்தத் தட்டு. நான் வெறும் கையோடு போயிருந்தால் அவர் மறந்துபோனது என்றே சொல்லியிருப்பார். அவரோடு அந்தப் பாட்டும் போயிருக்கும்.

அவரோடு சேர்த்து எங்கள் ஊரில் மட்டும் அப்படி மூவர் இருக்கிறார்கள். இருவர் பெண்கள். தப்பு வாசிக்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. தப்பைச் சாவுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கியதால், அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைத் தொடக் கூசுகிறார்கள். உங்கள் பண்பாட்டுப் பெருவிழா மேடையில் அந்தத் தப்பை ஒருமுறை முதல் நிகழ்ச்சியாக வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பரணில் இருக்கும் தோலைக் காய்ச்சுவார்கள்.

வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அங்கே கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலை மரபில் இசை படித்தவர்கள் இருக்கிறார்கள். 2005 முதல் ஈழத்து ஏடுகளையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தினர் இருக்கிறார்கள். ஒலிக்கோப்புகளைச் சேமிக்கவும் அவர்களுக்குத் தெரியும். இவர்களை ஒரு மேசைக்கு அழைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. என்னைப்போன்ற ஒருத்தி கூப்பிட்டால் வரமாட்டார்கள். பிரதேச செயலகத்தின் கடிதத் தலைப்பில் கூப்பிட்டால் வருவார்கள்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் எங்கள் ஊரில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதி வேடம் கட்டிய பெரியவர் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியாவது பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் ஒருவர் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றோடு மாலை ஐந்து மணிக்கு முன்பு வந்தால், வெளிச்சம் இருக்கும்போதே தட்டுகளின் எண்களைப் படமெடுத்துக்கொள்ளலாம். மூன்று தட்டுகளையும் மேசையில் எடுத்து வைத்திருப்பேன். துண்டுகளைச் சேலையிலிருந்து நானே பிரித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருத்தி,
கிளிநொச்சி.